க்ளட்ச் வராத பதினேழு பேர்

இப்ப போட்டான் பாருங்க, அது மூணாவது கியர். ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது எவனாவது மூணுல ஏறுவானா? பஸ் எப்படி உதறுது பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தாலும் டிரைவர் என்ன பண்றான்னு எனக்கு முதுகுலயே தெரிஞ்சிடும் சார். இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தாங்களோ. என்கிட்ட கத்துக்கிட்டவன் இல்ல, அது மட்டும் நிச்சயம்.

ஜன்னலோரம் நீங்களே இருங்க, பரவாயில்ல. நான் ஆத்தூர்லயே இறங்கிடுவேன். நீங்க சேலமா? சரி.

நான் டிரைவிங் மாஸ்டர். பேரு குழந்தைவேலு. ஆத்தூர்ல அர்த்தநாரி டிரைவிங் ஸ்கூல்னு கேட்டீங்கன்னா யாரும் சொல்லுவாங்க. அர்த்தநாரிங்கறது முதலாளி பேரு. அவருக்கு ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கத் தெரியும், மத்த நாள்ல கையெழுத்துப் போடத் தெரியும். வண்டியில உட்கார்ந்து கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கறது பத்தொன்பது வருஷமா நான்தான்.

பத்தொன்பது வருஷத்துல நான் கண்டது என்னன்னா, பத்து பேர் வந்தா எட்டு பேருக்குக் கால் கிடையாது. நடக்கறதுக்கு இருக்கும். க்ளட்ச்சுக்கு வேற கால் வேணும் சார். பேங்க்காரர் ஒருத்தர் வருவார், "மாஸ்டர், நான் எல்லாம் செல்போன்லயே பார்த்து வச்சிட்டேன்"ம்பார். நாலடி போறதுக்குள்ள வண்டி டொக்குனு ஆஃப். பொம்பளைங்க அதுக்கும் மேல. நான் பொம்பளைங்களை மட்டமா பேசறவன் இல்ல. நல்லா ஓட்டறவங்களும் இருக்கலாம். நான் பார்த்ததில்ல, அவ்வளவுதான்.

இந்த வருஷம் சித்திரையில ஆரம்பிச்சது அந்தக் கூத்து. அதுக்கு முன்னாடி முதல் ரெண்டு மூணு நாள்தான் வண்டியை ஆஃப் பண்ணுவாங்கன்னா, சித்திரைக்கு அப்புறம் கடைசி நாள் வரைக்கும். சிக்னல்ல நின்னா ஆஃப். வளைவுல திருப்பினா ஆஃப். ஏ.சி. போட்டா ஆஃப். என்ன பண்றது? இந்த வருஷம் வந்து சேர்ந்த கூட்டம் அப்படி. கால்ல உயிரே இல்லாத கூட்டம். நானும் திட்டித் திட்டிப் பார்த்தேன். திட்டத் திட்ட இன்னும் அதிகமா ஆஃப் பண்ணாங்க.

அதே சித்திரையிலதான் டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் லைட்டும் எரிய ஆரம்பிச்சது. இஞ்சின் படம் போட்ட லைட்டு. எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஏறுற ஒவ்வொருத்தரும் "மாஸ்டர், அது என்ன லைட்டு, அது என்ன லைட்டு"ன்னு உயிரை எடுத்தாங்க. அது மேல ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டினேன். கேள்வி நின்னு போச்சு.

எங்க வண்டி பார்க்கிற மெக்கானிக் சீனு, ஆயில் மாத்தப் போனப்ப பானெட்டைத் திறந்து வச்சிக்கிட்டுத் தலையைச் சாய்ச்சிக் கேட்டான். "மாஸ்டர், ஐடிலிங் சரியில்லையே. எறங்கி எறங்கி ஏறுது. கோளாறு என்னன்னு ஸ்கேனர் போட்டுப் பார்த்திடலாமா?"ன்னான். ஐடிலிங்னா வேற ஒண்ணும் இல்ல, ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காம வண்டி சும்மா நிக்கும்போது இஞ்சின் தானா ஓடிக்கிட்டு இருக்கணும்ல, அது. நான் சொன்னேன், "ஏண்டா, நான் ஓட்டினா ஒரு தடவை கூட ஆஃப் ஆகல. அப்ப வண்டியில என்ன கோளாறு? ஸ்கேனர் வாங்கி வச்சிட்டா எவன் வண்டியிலயாவது சொருகியே ஆகணுமா?" அவன் பானெட்டை மூடிட்டான்.

நிஜமாத்தாங்க, என் காலுக்கு ஆஃப் ஆகாது. சிக்னல்ல நின்னாக்கூட ஆக்ஸிலேட்டர்ல லேசா காலை வச்சு ரேஸ் கொடுத்துக்கிட்டே இருப்பேன். லாரி ஓட்டின காலத்துப் பழக்கம். அனுபவம் உள்ள கால்னா அப்படித்தான் இருக்கும்.

ஆடி மாசம் ஒரு பொண்ணு வந்து சேர்ந்தா. கோகிலவாணின்னு பேரு. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். என்னம்மா வேலைன்னேன். எலெக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பண்றேன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மளிகைக்கடை, ரேஷன் கடை, கறிக்கடை எல்லாத்துலயும் எடை காட்டுற மெஷின் இருக்குல்ல, அது தப்பா காட்டினா இவ போய்ச் சரி பண்ணணுமாம். எடை சரியா காட்டுதான்னு பார்க்கறதுக்கு இருபது கிலோ எடைக்கல்லு ஒண்ணு. அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா பஸ்ல போவாளாம். ஆவணிக் கடைசிக்குள்ள லைசென்ஸ் எடுத்துட்டா கம்பெனியில ஒரு வேன் கொடுத்து, மூணு தாலுகாவை அவ பொறுப்புல விடறாங்களாம். எடுக்கலைன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும். முதல் நாளே இதையெல்லாம் சொன்னா. யாரு கேட்டா?

முதல் நாள் ஆறு தடவை ஆஃப். நான் ஆரம்பிச்சேன். "ஏம்மா, தராசைத் தூக்கித் தூக்கிக் கால் மரத்துப் போச்சா?" பின் சீட்டுல இருந்த ரெண்டு பசங்க சிரிச்சாங்க. வேற பொண்ணா இருந்தா கண் கலங்கும். இவ கலங்கல. அதுவே எனக்குப் பிடிக்கல. கலங்கறவளுக்குத்தான் வேலை படியும்.

முதல் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிரவுண்டுல எட்டு போடணும். எட்டோட நடு இடுப்பு இருக்குல்ல, அங்க வேகத்தைக் குறைச்சா, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, டொக். பிரேக் இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது டெஸ்ட். அதே இடம், அதே டொக்.

திரும்பி வர்ற வழியில வண்டியை ஓரமா நிறுத்தி, பையிலேர்ந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தா. "மாஸ்டர், சேர்ந்ததிலேர்ந்து வண்டி ஆஃப் ஆனது முப்பத்தொரு தடவை. எழுதி வச்சிருக்கேன். அதுல இருபத்தாறு தடவை நான் க்ளட்ச்சை முழுசா மிதிச்சிருந்தேன்."

"அதனால?"

"க்ளட்ச்சை மிதிச்சிட்டா இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு முதல் நாள் நீங்கதானே சொன்னீங்க? சம்பந்தமே இல்லாதப்போ என் கால் எப்படி இஞ்சினை அணைக்கும்?"

நீங்களே சொல்லுங்க சார். பத்தொன்பது வருஷ மாஸ்டர்கிட்ட கேக்கிற கேள்வியா இது? நோட்டுப் போட்டு எழுதியிருக்கா, நான் என்னமோ திருடன் மாதிரி.   "நீ தராசைப் பாரும்மா. காரை நான் பார்த்துக்கறேன்"ன்னேன்.

"தராசும் இப்படித்தான் மாஸ்டர். கடைக்காரர் ஏமாத்தறார்னு எல்லாரும் அவரைத் திட்டுவாங்க. உள்ளே சென்சார் போயிருக்கும்."

நான் ரேடியோவைச் சத்தமா வச்சேன்.

மூணாவது டெஸ்ட். ஆவணி முடிய நாலு நாள் இருக்கு. இதுல போச்சுன்னா அவளுக்கு வேன் இல்ல. அன்னைக்குன்னு பார்த்து பிரேக் இன்ஸ்பெக்டர் புதுசு. சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், கையில ஒரு பரீட்சை அட்டை. கிரவுண்டுல நாலு ஸ்கூல் வண்டி, நாப்பது அம்பது பேர், இளநீர்க்காரன், எல்லாரும் இருக்காங்க. இவ பேரைக் கூப்பிட்டதும் வண்டிகிட்ட போகாம நேரா அவர்கிட்ட போய் நின்னா.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு முன்னாடி எங்க மாஸ்டர் இந்த வண்டியில ஒரு எட்டு போட்டுக் காட்டட்டும். திருப்பத்துல ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காம. அவருக்கு ஆஃப் ஆகலைன்னா நான் டெஸ்ட்டே எழுதலை, போயிடறேன்."

எழுதலைங்கறா. டிரைவிங் டெஸ்ட்டை எவனாவது எழுதுவானா? படபடப்பு.  ஆனா கண்ணு அவரை விட்டு அசையல.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "போடுங்களேன் மாஸ்டர். ஒரு நிமிஷம்தானே."

போட்டேன் சார். நான் போட்ட எட்டை எண்ணினா ரெண்டு லட்சம் இருக்கும். முதல் வளைவு திருப்பியாச்சு. நடு இடுப்புக்கு வந்தேன். காலை எடுக்கச் சொன்னாளே, எடுத்தேன்.

ஆஃப் ஆயிடுச்சு.

என் காலுக்கு. நாப்பது பேருக்கு முன்னாடி. அந்த இளநீர்க்காரன் கூட வெட்டறதை நிறுத்திட்டான். செருப்பு வழுக்கிடுச்சுன்னேன். செருப்பைக் கழட்டிட்டு மறுபடியும் போட்டேன். அதே இடத்துல ஆஃப். பெட்ரோல் கலப்படம்னேன். பக்கத்து ஸ்கூல் மாஸ்டர் ஒருத்தன், பல் விளக்காதவன், அவன் சிரிச்சான் பாருங்க, அது இன்னும் காதுலயே இருக்கு.

அந்தப் பொண்ணு சிரிக்கல. சிரிச்சிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவ பாட்டுக்குப் பானெட்டைத் தூக்கினா. வேலைக்குக் கொண்டுபோற பையிலேர்ந்து கரண்ட்டு பார்க்கிற மீட்டர் ஒண்ணை எடுத்தா. துப்பட்டாவுல குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி, இஞ்சின்ல காத்து போற குழாய்கிட்ட ஒரு சின்ன கருப்பு டப்பா இருக்கு, அதுக்குப் போற ஒயருக்குப் பின்னால மெதுவா சொருகினா. மீட்டர் முனையை அந்த ஊக்குல வச்சிக்கிட்டா.

"மாஸ்டர், சாவியை மட்டும் போடுங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம். ஆக்ஸிலேட்டரை ரொம்ப மெதுவா மிதிங்க."

மிதிச்சேன்.

"இன்னும் மெதுவா."

மிதிச்சேன்.

"மாஸ்டர், இன்னும் மெதுவா. பூ மேல கால் வைக்கிற மாதிரி."

எனக்கு அவ்வளவு மெதுவா வரல சார். லாரி மிதிச்ச கால் அது. நாலஞ்சு தடவை சொல்லிச் சொல்லி மிதிக்க வச்சா. நாப்பது பேர் பார்க்கறாங்க, ஒரு தராசு ரிப்பேர்காரி எனக்குக் கால் எப்படி வைக்கணும்னு சொல்லித் தர்றா.

இன்ஸ்பெக்டர் குனிஞ்சு மீட்டரைப் பார்த்து வாய்விட்டுப் படிச்சார். "பாயிண்ட் அஞ்சு... பாயிண்ட் அஞ்சு... பூஜ்யம்... ஒண்ணு பாயிண்ட் ரெண்டு... திரும்பப் பூஜ்யம்."

"படிப்படியா ஏறணும் சார்," அவ சொன்னா. "கால் எவ்வளவு மிதிச்சிருக்குன்னு இஞ்சினோட கம்ப்யூட்டருக்குச் சொல்றது இந்த சென்சார்தான். ஆரம்பத்துல மட்டும் உளறுது. மேலே போனா நல்லா இருக்கு, பாருங்க. ஸ்கூல் வண்டி, எல்லாரும் பயந்து பயந்து தொட்டும் தொடாமலும்தான் மிதிப்போம். அந்த ஒரு இடம் மட்டும் தேய்ஞ்சு போச்சு. கால் எடுத்தாச்சுன்னே கம்ப்யூட்டருக்குத் தெரியல. தெரிஞ்சாத்தானே இஞ்சினை அணையாம பார்த்துக்கும்?"

இன்ஸ்பெக்டர் டிரைவர் கதவு வழியா எட்டிப் பார்த்தார். விரல் நகத்தால பிள்ளையாரைச் சுரண்டினார். உள்ளே மஞ்சளா எரியுது. "இது எவ்வளவு நாளா எரியுது மாஸ்டர்?"ன்னார். நான் கவனிக்கலைன்னேன். "ஸ்டிக்கரை யார் ஒட்டினது?"ன்னார். ஸ்டூடன்ட்ஸ் யாராவது ஒட்டியிருப்பாங்கன்னேன். வேற என்ன சொல்றது?

இந்த வண்டியில இன்னைக்கு டெஸ்ட் கிடையாது, சரி பண்ணிட்டு வாங்கன்னுட்டார். அந்தப் பொண்ணு, பல் விளக்காதவன் வண்டியைக் கேட்டு வாங்கி எட்டு போட்டா. ஒரே தடவை. பாஸ். நான் கேக்கறேன், பழகாத வண்டியில போட்டுப் பாஸ் ஆனா அது ஒரு பாஸா? குருட்டு அதிர்ஷ்டம். போகும்போது, "நன்றி மாஸ்டர், க்ளட்ச் பத்தி நீங்க சொன்னதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்"ன்னுட்டுப் போனா. கிண்டல் பண்றாளா, நிஜமாச் சொல்றாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

சீனு அந்த சென்சாரை மாத்தினான். தீப்பெட்டி அளவு கூட இல்ல. மாத்திட்டு ஸ்டார்ட் பண்ணினா, வண்டி ஓடுதா இல்லையான்னே தெரியல. கை வச்சுப் பார்த்தாத்தான் தெரியுது. சீனு என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் ஆயில் சரியா இருக்கான்னு பார்த்தேன்.

அதோட விட்டிருக்கலாம்ல? முதலாளிக்குத் திடீர்னு ஞானம் வந்துடுச்சு. டெஸ்ட் ரிஜிஸ்டரை எடுத்து மேசையில போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார். அந்தப் பொண்ணைத் தவிர, சித்திரையிலேர்ந்து ஃபெயில் ஆனவங்க, பாதியில நின்னு போனவங்க, எல்லார் பேரையும் சிவப்பு மையில சுழிச்சார். பதினேழு பேர். ஒவ்வொரு பேருக்கு எதிரேயும் நான் என் கையால எழுதியிருந்தேன், "க்ளட்ச் வரவில்லை". பதினேழு தடவை. ஒரே எழுத்து, ஒரே மை. அவர் அதையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"எல்லாரையும் கூப்பிடு வேலு. வண்டிதான் கோளாறுன்னு சொல்லு. திரும்ப வந்து கத்துக்கச் சொல்லு"ன்னார்.

"நம்ம பேரை நாமே கெடுத்துக்கணுமா முதலாளி?"ன்னேன்.

"கெட்டாச்சு. கூப்பிடு."

கூப்பிட்டேன். வந்தாங்க. பேங்க்காரர் வந்தார். ஒரு நர்ஸம்மா, ஒரு பாத்திரக்கடைக்காரர், காலேஜ் பசங்க. அதே வண்டி, அதே கால். யாருக்கும் ஆஃப் ஆகல. பதினஞ்சு நாள்ல பாஸ் ஆயிட்டாங்க. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் எரிச்சல். கேட்டா பதில் வச்சிருந்தேன்.

பதினாறு பேர் முடிஞ்சாங்க. பதினேழாவது பேர்ல முதலாளி விரலை வச்சிட்டு எடுக்கவே இல்ல. நாகரத்தினம் டீச்சர். தலைவாசல் பக்கம், மெயின் ரோட்டுல பஸ் நிக்கிற கூட்ரோட்டுலேர்ந்து உள்ளே போகணும். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்களைப் பத்தி உங்ககிட்ட நான் இன்னும் சொல்லலைல்ல? சொல்ல ஒண்ணும் இல்ல சார். வைகாசியில வந்தாங்க. வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரம் ரெண்டு நாள் ஆத்தூர்ல டயாலிசிஸ். அவர் ஓட்டின கார் வீட்டுல சும்மா நிக்குது, அதை எடுத்து அவரைக் கூட்டிட்டுப் போகணும்னு வந்தாங்க. எட்டு நாள் வந்தாங்க. எட்டாம் நாள் பைபாஸ் குறுக்கு ரோட்டுல, நட்ட நடுவுல ஆஃப் பண்ணிட்டாங்க. ஒரு லாரிக்காரன் ஹார்னை அமுக்கிக்கிட்டு வர்றான். பயந்து போய்க் கத்தினேன். மனுஷன் கத்தமாட்டானா?

என்ன சொன்னேன்னா... பின்னாடி மூணு பசங்க வேற இருந்தாங்க. "டீச்சர், உங்களுக்கு வாய்தான் இருக்கு, கால் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உங்க வீட்டுக்காரரை நீங்களே முடிச்சிடுவீங்க"ன்னேன். பொதுவா சொன்னதுதான். அவங்க ஸ்டார்ட் பண்ணி, வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து என் கையில வச்சிட்டு இறங்கி நடந்தாங்க. நல்ல வெயிலு.

முதலாளிக்கு இது எப்படித் தெரிஞ்சுதோ. பின் சீட்டுப் பசங்க எவனாவது சொல்லியிருப்பான். "போன்ல வேணாம், நேர்ல போய்ச் சொல்லு. இல்லைன்னா சாவியை மேசையில வச்சிட்டு நீயும் போ"ன்னுட்டார். பத்தொன்பது வருஷம் சார். ஒரு வாரம் இழுத்தடிச்சேன். நேத்து மறுபடியும் கேட்டார். இன்னைக்குக் காலையில கிளம்பினேன். அங்கேர்ந்துதான் வர்றேன்.

வீடு பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதுங்கீழ நின்னேன். கார் ஷெட் காலியா இருந்தது. வித்துட்டாங்க போலன்னு நினைச்சேன். நல்லதா போச்சு, யாரும் இல்லைன்னு திரும்பிடலாம்னு பார்த்தா, தெருமுனையில ஒரு வெள்ளைக் கார் திரும்புது. கேட்டைத் தாண்டிப் போய் நின்னு, ரிவர்ஸ் எடுத்து, ஒரே எடுப்புல ஷெட்டுக்குள்ளே போச்சு. கண்ணாடியை மட்டும் பார்த்து எடுத்தாங்க, கழுத்தைத் திருப்பல. அது தப்பு. நான் இருந்தா திருப்பச் சொல்லியிருப்பேன்.

டீச்சர்தான். இறங்கி, சுத்தி வந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து, வீட்டுக்காரரைத் தோள்ல சாய்ச்சுக் கூட்டிட்டு உள்ளே போனாங்க. மனுஷன் கையில பஞ்சு வச்சுக் கட்டியிருக்கு, முகம் சுண்ணாம்பு மாதிரி. அவரைப் படுக்க வச்சிட்டு வெளியே வந்து, ஒரு நாற்காலியும் ஒரு சொம்பு தண்ணியும் கொடுத்தாங்க. "சொல்லுங்க மாஸ்டர்"ன்னாங்க.

வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். கம்பெனி பண்ற கோளாறு, இந்தக் காலத்து வண்டியெல்லாம் இப்படித்தான்னு. வாயில வந்தது, "ஒரு சின்ன சென்சார் டீச்சர். தீப்பெட்டி அளவுதான்."

எல்லாத்தையும் கேட்டாங்க. பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி கேட்டாங்க. "எந்த மாசத்துலேர்ந்து?"

"சித்திரை."

"நான் வந்தது வைகாசி."

"ஆமாங்க டீச்சர்."

டீச்சர் வீட்டுக்குள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க. "உங்ககிட்டேர்ந்து போனப்புறம் நாலு மாசம் இவரைப் பஸ்லதான் கூட்டிட்டுப் போனேன். போகும்போது தெரியாது. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போதுதான். நிக்க முடியாது அவரால. ரெண்டு தடவை பஸ்லயே மயக்கம் போட்டுட்டார். ஒரு தடவை இவர் குடிச்சிருக்கார்னு நினைச்சுக் கண்டக்டர் இறக்கி விட்டுட்டார். வீட்டுல கார் நிக்குது மாஸ்டர். எனக்குத்தான் கால் இல்லையே."

நான் தண்ணியைக் குடிச்சேன்.

"புரட்டாசியில கள்ளக்குறிச்சியில என் பழைய ஸ்டூடன்ட் ஒருத்தி கத்துக்கொடுத்தா. ஒன்பது நாள். முதல் நாள் வண்டி ஆஃப் ஆகலைன்னதும் எனக்கு அழுகை வந்திடுச்சு. அவ பயந்துட்டா, என்ன டீச்சர்னு."

நான் சும்மா இருந்திருக்கணும். "அப்ப லைசென்ஸ் வாங்கிட்டீங்க, சந்தோஷம் டீச்சர்"ன்னேன்.

டீச்சர் என்னை நல்லாப் பார்த்தாங்க. "மாஸ்டர், நீங்க மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, தகவல் சொல்ல வந்தீங்களா?"

என்ன கேள்வி சார் இது? எதுக்கு வந்தேன்னு சொல்றது? "முதலாளி அனுப்பினார்"ன்னேன்.

"சரி. தகவல் சொல்லிட்டீங்க."

அவ்வளவுதான். எழுந்துட்டாங்க. இவருக்கு மாத்திரை வாங்கணும், கூட்ரோடு வரைக்கும் போறேன், ஏறுங்க, விட்டுடறேன்னாங்க. வேணாம் நடந்துக்கறேன்னு சொல்லிப் பார்த்தேன். ரெண்டு கிலோமீட்டர், வெயில்ல நடக்க வேணாம்னுட்டாங்க. நடக்கறது எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்ல.

இடது பக்கம் உட்கார்ந்தேன். நான் எப்பவும் உட்கார்ற பக்கம்தான். எங்க ஸ்கூல் வண்டியில இந்தப் பக்கமும் ஒரு க்ளட்ச், ஒரு பிரேக் வச்சிருப்பாங்க, மாஸ்டருக்கு. டீச்சர் நல்லாத்தான் ஓட்டறாங்கன்னு சொல்ல மாட்டேன். ஹார்ன் அடிக்கறதே இல்ல. ரெண்டாவது கியர்லேர்ந்து மூணுக்கு மாத்த ஒரு யுகம் ஆகுது. ஒரு ஆட்டுமந்தை குறுக்க வந்தது. நிறுத்தினாங்க. ஆடு போகற வரைக்கும் வண்டி நின்னுக்கிட்டிருக்கு, ஏ.சி. ஓடுது, ஆக்ஸிலேட்டர்ல கால் இல்ல, நான் பார்த்தேன். அணையல. எதிர்ல மணல் டிப்பர் ஒண்ணு வேற வருது. என் கால் தன்னால போய் கீழே அமுக்குது. தரைவிரிப்பை அமுக்குது. திரும்பத் திரும்ப அமுக்குது.

டீச்சர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "காலை எடுங்க மாஸ்டர். அங்க ஒண்ணும் இல்ல."

எடுத்து மடக்கி வச்சிக்கிட்டேன்.

கூட்ரோட்டுல இறக்கி விட்டாங்க. நான் கதவைச் சாத்தற வரைக்கும் காத்திருந்தாங்க. சாத்தினப்புறமும் கொஞ்ச நேரம் நின்னாங்க. எதுக்குன்னு தெரியல. நானும் ஜன்னல் பக்கத்துலயே நின்னேன். ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது சார், நிஜமாச் சொல்றேன், வந்தது. அதுக்குள்ள பஸ் சத்தம் கேட்டுது. அப்படித்தான் போச்சு, வேற ஒண்ணும் இல்ல. பஸ் வந்தா ஏறணுமே.

இந்தப் பஸ் இல்லீங்க. அது வேற ஊர் பஸ், எதிர்ப்பக்கம் போச்சு. அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் நின்னேன், இது வர்ற வரைக்கும்.